லாக்ஸ்டன்: வருடம் தவறாமல் எல்லை பார்க்கும் ஊர்

ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் போட்லியன் நூலகத்தில் 1635-ஆம் ஆண்டு வரைந்த ஒரு நிலப்படம் இருக்கிறது. வரைந்தவர் மார்க் பியர்ஸ் என்ற அளவையர். நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன் என்ற சின்னக் கிராமத்தின் ஒவ்வொரு துண்டு நிலமும் அதில் உண்டு. எந்தத் துண்டு யாருடையது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, பக்கத்துத் துண்டுக்காரர் யார், எல்லாம் தெரியும். மனிதர் அதோடு நிறுத்தவில்லை. ஏர் ஓட்டுகிறவர், கதிர் அறுக்கிறவர்கள், மேய்கிற ஆடுமாடு, வேட்டைக்குப் போகிறவர்கள் என்று குட்டிக் குட்டி உருவங்களையும் வயல்களுக்கு நடுவில் வரைந்து வைத்திருக்கிறார்.

நான் தமிழ்நாட்டில் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் நாட்டிங்ஹாமில் இருக்கிறாள். அவளைப் பார்க்க வந்திருந்தபோது இந்தப் படத்தின் நகலைக் கணினியில் காட்டி, "அப்பா, இந்த ஊர் இங்கேதான் இருக்கு, ஒரு மணி நேரம் கூட ஆகாது" என்றாள். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததில் அன்று சாப்பாடே தாமதமாகிவிட்டது. புலப்படம், அதாவது ஒவ்வொரு நிலத்துக்குமான அளவுப்படம், போட்டவனுக்குத்தான் தெரியும், இத்தனை துண்டுகளை ஒன்றோடொன்று இடிக்காமல் தாளில் உட்கார வைப்பது எத்தனை பெரிய வேலை என்று.

படம் அழகாக இருக்கிறது என்பதற்காக நான் இதை எழுதவில்லை. அந்தப் படத்தில் இருக்கும் வயல்களில் ஒரு பகுதி இன்றைக்கும் அதே முறையில் சாகுபடி ஆகிறது. இங்கிலாந்தின் நடுப்பகுதி முழுக்க ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்த பொது வயல் முறை, ஊர் நீதிமன்றத்தோடு சேர்த்து உயிரோடு இருப்பது லாக்ஸ்டனில் மட்டும்தான். டெவனில் பிரான்ட்டன் என்ற ஊரில் பெரிய பொது வயல் ஒன்று மிஞ்சியிருக்கிறது. லிங்கன்ஷயரில் ஆக்ஸ்ஹோம் பக்கம் பட்டை பட்டையாக நிலங்கள் உண்டு. ஆனால் விவசாயிகளே கூடி உட்கார்ந்து, எல்லை பார்த்து, அபராதம் போட்டு நடத்துவது இங்கே மட்டும்.

அந்த முறை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரைச் சுற்றி மூன்று பெரிய வயல்கள். லாக்ஸ்டனில் அவற்றுக்கு மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் என்று பெயர். காற்றாலை நின்ற பக்கம் ஆலை வயல். 1635 படத்தில் நான்காவதாகக் கிழக்கு வயலும் இருக்கிறது, அது பின்னால் போய்விட்டது. ஒரு காலத்தில் ஒவ்வொரு வயலும் நூற்றுக்கணக்கான ஏக்கர். நடுவில் வேலி கிடையாது, புதர் வரிசை கிடையாது. ஆனால் ஒரே ஆளுடைய நிலமும் கிடையாது. நீளநீளமான பட்டைகளாகப் பிரிந்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று வயலிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பட்டைகள் இருக்கும்.

ஏன் இப்படிச் சிதறல்? நல்ல மண்ணும் களிமண்ணும் எல்லாருக்கும் பங்கு வரவேண்டும் என்பது ஒன்று. ஒரு பக்கம் தண்ணீர் நின்று பயிர் அழுகினாலும் இன்னொரு பக்கம் கைகொடுக்கும் என்பது இன்னொன்று. லாக்ஸ்டன் மண் கனமான சிவப்புக் களி, மழை பெய்தால் காலை விடாது. அந்த மண்ணில் ஒரே இடத்தில் பத்து ஏக்கர் வைத்திருப்பவன் ஒரு கெட்ட வருடத்தில் தலையில் கைவைத்து உட்கார வேண்டியதுதான். பட்டையாகச் சிதறி வைத்திருப்பவன் எப்படியோ சமாளித்துவிடுவான்.

மூன்று வயலுக்கும் மூன்று வருடச் சுழற்சி. ஒரு வயலில் குளிர்காலத்துக்கு முன்பே விதைக்கும் கோதுமை. அடுத்ததில் வசந்தத்தில் விதைக்கும் பார்லி, அவரை, பட்டாணி போன்றவை. மூன்றாவது தரிசு. அந்த வருடம் ஊர் ஆடுமாடெல்லாம் அதில் மேய்ந்து எரு போடும். அடுத்த வருடம் சக்கரம் ஒரு படி நகரும். இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வேலி இல்லாத வயலில் ஒருத்தர் மட்டும் வேறு பயிர் போட முடியாது. பக்கத்துக்காரர்கள் அறுத்து முடித்து மாட்டை விடும்போது இவர் பயிர் நின்றுகொண்டிருந்தால் சண்டைதான். ஆகவே எப்போது உழுவது, எப்போது விதைப்பது, எந்த நாளில் மேய்ச்சலுக்குத் திறந்துவிடுவது என்று எல்லாமே ஊர் கூடி முடிவு செய்தாக வேண்டும். அந்தக் கூட்டத்துக்காகத்தான் நீதிமன்றமே.

இந்த ஏற்பாடு எந்த வருடம் ஆரம்பித்தது என்று கல்வெட்டு எதுவும் இல்லை. இங்கிலாந்தில் பொது வயல்கள் சாக்ஸன் மன்னர்கள் ஆண்ட காலத்தின் பிற்பகுதியில் உருவாகி, 1066-இல் பிரான்ஸிலிருந்து நார்மன்கள் படையெடுத்து வந்த சமயம் வேரூன்றிவிட்டன என்பது பொதுவான கருத்து. 1086-இல் நார்மன் மன்னர் வில்லியம் நாட்டின் நிலங்களைப் பற்றி எடுத்த டூம்ஸ்டே கணக்கில் லாக்ஸ்டன் இருக்கிறது. அதற்கு முன் டோக்கி என்பவரிடம் இருந்த ஊர், நார்மன் படையெடுப்புக்குப் பின் ஜெஃப்ரி அல்செலின் கைக்குப் போயிருக்கிறது. ஆட்சி மாறியது, பண்ணையார் மாறினார். உழுதவர்கள் அதே ஆட்கள்தான் என்று நினைக்கிறேன்.

ஊருக்கு வடக்கே ஒரு நடைபாதை வழியாகப் போனால் கோட்டை மேடு வரும். கல் கட்டடம் எதுவும் இப்போது இல்லை. பெரிய மண்மேடு, அதன் உச்சியில் இன்னொரு சின்ன மேடு, சுற்றிலும் அகழி போன்ற பள்ளம். நாட்டிங்ஹாம்ஷயரில் இந்த வகைக் கோட்டைகளில் நன்றாக மிஞ்சியிருப்பது இதுதான். ஷெர்வுட் காட்டைக் காவல் பார்க்கும் பொறுப்பு இந்த ஊர்ப் பிரபுக்களிடம் இருந்தது. முதலில் டி காவ் குடும்பம், பின்னால் எவரிங்ஹாம் குடும்பம். ஜான் மன்னர் ஒரு சமயம் இந்த ஊரையே கொளுத்தச் சொல்லி உத்தரவு போட்டிருக்கிறார். ஊர்மக்கள் 100 பவுண்டு கட்ட ஒப்புக்கொண்டு அதிலிருந்து தப்பித்தார்கள் என்று அரசுக் கணக்கில் பதிவாகியிருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 100 பவுண்டு என்பது ஒரு கிராமத்துக்கு மலை போன்ற தொகை. மேட்டின் மேல் நின்று கூரைகளைப் பார்த்தபோது எனக்கு அந்த வரிதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

தேவாலயம் புனித மைக்கேல் பெயரில் இருக்கிறது. ஊரின் அளவுக்கு மிகப் பெரியது. 1860 வாக்கில் புதுப்பித்தபோது நீளத்தைக் குறைத்துவிட்டார்கள், அப்படியும் பெரிதாகத்தான் தெரிகிறது. உள்ளே எவரிங்ஹாம் குடும்பத்தாரின் கல்லறைச் சிலைகள் படுத்த நிலையில் இருக்கின்றன. ஆடம் டி எவரிங்ஹாமும் அவருடைய இரண்டு மனைவியரும். ஒரு மனைவியின் சிலை மட்டும் மரத்தால் ஆனது. கிட்டத்தட்ட 700 வருடம் ஆன மரம். முகம் தேய்ந்துபோய், மடிப்பு மடிப்பான உடை மட்டும் தெளிவாகத் தெரிகிறது. இந்த மாவட்டத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே இடைக்கால மரச் சிலை அது. கல்லறைப் பக்கம் இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது, என் ஆர்வமெல்லாம் வெளியே வயலில்.

வயலுக்குப் போகும் முன் தெருவைப் பார்க்க வேண்டும். லாக்ஸ்டன் தெருவில் நடந்தால் பண்ணை வீடுகள் எல்லாம் ஊருக்குள்ளேயே வரிசையாக இருப்பது கண்ணில் படும். செங்கல் வீடுகள். பலவற்றில் பக்கச் சுவர் தெருவைப் பார்த்தபடி நிற்கும், பின்னால் களஞ்சியம், தொழுவம், அதற்கும் பின்னால் நீளமான கொல்லை. இங்கிலாந்தில் வேறு இடங்களில் கார் ஓட்டிப் போனால் பண்ணை வீடு வயல் நடுவே தனியாக நிற்பதைத்தான் பார்ப்போம். நிலத்தையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வேலி போட்ட பிறகு விவசாயி தன் நிலத்துக்கு நடுவே வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். லாக்ஸ்டனில் நிலம் மூன்று திசையிலும் சிதறிக் கிடப்பதால் எந்தத் திசையில் போய் வீடு கட்டுவது? எல்லாவற்றுக்கும் நடுவில் இருப்பது ஊர்தான். அதனால் விவசாயிகள் ஊருக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். வீடுகள் இடைக்காலத்தவை அல்ல, பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டும் அதற்குப் பிறகும் கட்டியவை. ஆனால் அவை நிற்கும் வரிசை பழைய வரிசை.

தெருவோரம் ஒரு பட்டியும் இருக்கிறது. கட்டவிழ்த்துக்கொண்டு பயிரில் இறங்கும் மாட்டைப் பிடித்து அடைக்கும் இடம். அபராதம் கட்டி மீட்டுக்கொண்டு போக வேண்டும். பட்டிக்குப் பொறுப்பாக ஒரு ஆளை நீதிமன்றம் நியமிப்பது இன்றும் உண்டு.

இப்போது வயல். நான் இரண்டு பருவங்களில் போனேன், கோடையில் ஒரு தடவை, நவம்பர் கடைசியில் ஒரு தடவை. கோடையில் பார்க்க வேண்டியது 'சைக்' என்று அவர்கள் சொல்லும் புல் நிலங்கள். வயலுக்கு நடுவே தாழ்வாக, ஈரமாக, ஏர் ஓட்ட வசதிப்படாமல் இருக்கும் பள்ளங்களை உழாமல் விட்டுவிடுவார்கள். அந்த இடங்கள் எத்தனையோ நூறு வருடமாகக் கலப்பையே படாதவை. ஜூனில் அங்கே காட்டுப்பூக்கள் கொள்ளையாகப் பூக்கின்றன. இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் கோதுமை, நடுவில் வளைந்து ஓடும் ஒரு பட்டையில் மஞ்சளும் ஊதாவும் வெள்ளையுமாகப் பூ. அரசு இவற்றை அறிவியல் முக்கியத்துவம் உள்ள இடங்களாகப் பாதுகாக்கிறது. ஜூலையில் அந்தப் புல்லை ஊரார் ஏலம் விடுகிறார்கள். எடுத்தவர் வெட்டி வைக்கோலாக்கிக்கொள்ளலாம்.

நவம்பர் கடைசியில் நடப்பதுதான் ஜூரி நாள். இதற்காகவே நான் மகளிடம் விமான டிக்கெட்டை இரண்டு வாரம் தள்ளிப் போடச் சொன்னேன். 12 விவசாயிகள் கொண்ட ஜூரி, அவர்களுக்கு ஒரு தலைவர். அந்த வருடம் எந்த வயலில் கோதுமை விதைத்திருக்கிறதோ அந்த வயலைச் சுற்றி வந்து ஒவ்வொரு பட்டையின் எல்லையையும் பார்ப்பார்கள். கோதுமை வயல் மட்டும்தான், எனவே மூன்று வருடத்தில் மூன்று வயலும் பார்த்து முடிந்துவிடும்.

டிராக்டருக்குப் பின்னால் இழுவண்டி, அதில் உட்கார வைக்கோல் கட்டுகள். நான் நடைபாதையில் நின்று பார்த்தேன். ஈரக்காற்று, வானம் முழுக்கச் சாம்பல் நிறம், கோதுமை ஒரு விரல் உயரம் முளைத்திருந்தது. வண்டி நின்றதும் பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். எல்லாரும் ரப்பர் பூட்ஸ். ஒருவர் கையில் மண்வெட்டி, ஒருவர் கையில் கட்டாக மர முளைகள், ஒருவர் தோளில் பெரிய சுத்தியல். பட்டையின் முனையில் நின்று எதிர் முனையைக் கண்ணால் பிடித்துப் பார்க்கிறார்கள். வயதில் பெரியவர் ஒருவர் கையை நீட்டி ஒரு இடத்தைக் காட்டினார். இன்னொருவர் தலையை ஆட்டி, ஒரு அடி இந்தப் பக்கம் என்பது போல் காலால் கோடு போட்டார். நாலைந்து பேர் சேர்ந்து பேசினார்கள். பேச்சு எனக்குக் கேட்கவில்லை, ஆனால் இந்தப் பேச்சின் ஜாடை எனக்குத் தெரியும். பிறகு மண்வெட்டிக்காரர் ஒரு குழி போட்டார், முளையை வைத்தார்கள், சுத்தியல் நான்கைந்து முறை இறங்கியது. புதிதாகச் சீவிய முளையின் வெள்ளை நுனி அந்தச் சிவப்பு மண்ணில் பளிச்சென்று தெரிந்தது. சரி, அடுத்தது என்று நகர்ந்தார்கள்.

வண்டிப்பாதை ஓரத்தையும் பார்த்தார்கள். பாதைக்குள் கலப்பையை இழுத்தவர், சைக் நிலத்தில் ஒரு சால் கூடுதலாக உழுதவர் யாராவது இருந்தால் குறித்துக்கொள்வார்கள். ஒரு வாரம் கழித்து ஊர் நீதிமன்றம் கூடும். கூடும் இடம் டவ்கோட் இன் என்ற ஊர் மதுக்கடை. முறைப்படி மேலாளர் தலைமை வகிப்பார், அறிவிப்பாளர் கூட்டத்தைத் தொடங்கிவைப்பார். ஜூரி தான் பார்த்ததைச் சொல்லும், தவறு செய்தவருக்கு அபராதம் போடும். அடுத்த வருட வயலுக்குப் புது ஜூரி பதவி ஏற்கும். அபராதத் தொகை பெரிதல்ல. ஆனால் உன் பக்கத்துப் பட்டைக்காரரும் எதிர்வீட்டுக்காரரும் உட்கார்ந்திருக்கும் அறையில், நீ எல்லை தாண்டி உழுதாய் என்று பெயர் சொல்லிப் படிப்பார்கள். அதற்கு மேல் என்ன தண்டனை வேண்டும்?

இதை வெறும் சடங்கு என்று நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் இப்படிப்பட்ட பழைய ஊர் நீதிமன்றங்கள் ஏராளம் பெயரளவுக்கு இருந்தன. 1977-இல் நீதி நிர்வாகச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்து அவற்றின் நீதி அதிகாரத்தை எடுத்துவிட்டார்கள். அந்தச் சட்டத்திலேயே விதிவிலக்காகப் பெயர் சொல்லி விட்டுவைத்தவை இரண்டுதான். வேல்ஸில் டென்பி பிரபுத்துவத்தைச் சேர்ந்த ஒரு நீதிமன்றம், அப்புறம் லாக்ஸ்டன். ஆக அந்த மதுக்கடை அறையில் போடும் அபராதத்துக்குச் சட்டத்தின் பலம் இருக்கிறது.

இதைப் பார்த்து எனக்கு ஏன் இத்தனை உருக்கம் என்றால், வேலையில் இருந்த காலம் முழுக்க நான் எதிர்ப்பக்கத்தைத்தான் பார்த்தேன். எல்லைத் தகராறு மனு வரும். போய்ப் பார்த்தால் கல்லைக் காணோம். யார் பிடுங்கினார்கள் என்று இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் கை காட்டும். புலப்படத்தை வைத்து அளந்து, கல் நட்டு, கையெழுத்து வாங்கிவிட்டு வருவோம். ஆறு மாதத்தில் அந்தக் கல்லும் போய்விடும். அண்ணன் தம்பி இரண்டு பேர், முக்கால் அடி வரப்புக்காக வழக்குப் போட்டு, வழக்கு முடியும் முன்பே இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அளவில் தப்பு இல்லை, ஆவணத்திலும் தப்பு இல்லை. அந்த எல்லையை ஊர் தன் எல்லையாக நினைக்கவில்லை, அவ்வளவுதான். லாக்ஸ்டனில் தகராறு முளைவிடும் முன்பே, விதைத்த சில வாரங்களில், பக்கத்து நிலக்காரர்களே வந்து நின்று பார்த்து முளை அடித்துவிடுகிறார்கள். எல்லை என்பது அங்கே வருடா வருடம் பத்துப் பேர் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்ளும் ஒன்றாக இருக்கிறது. பியர்ஸின் படம் எத்தனை நேர்த்தியானதாக இருந்தாலும் இந்த ஊரைக் காப்பாற்றியது படம் அல்ல, இந்த நடைதான் என்பது என் எண்ணம்.

அளவையைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. நாங்கள் சங்கிலி பிடித்து அளந்த காலத்தில் ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர், அதாவது ஒரு லட்சம் சதுர லிங்க். இந்தச் சங்கிலியை எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலேயர் 1620-இல் வடிவமைத்தார். 66 அடி எங்கிருந்து வந்தது என்று பயிற்சிக் காலத்தில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஆங்கிலேயப் பொது வயலில் ஒரு ஏக்கர் பட்டை என்றால் நீளம் 660 அடி, அகலம் 66 அடி. காளைகள் ஓய்வெடுக்காமல் ஒரே மூச்சில் இழுக்கும் தூரம் நீளம், ஒரு நாளில் உழுது முடிக்கும் பரப்பு ஏக்கர். பெருக்கிப் பாருங்கள், 43,560 சதுர அடி வரும். நம் பத்திரங்களில் இன்றைக்கும் நாம் எழுதும் அதே எண். காளை நடையில் பிறந்த அளவை குண்டர் இரும்பில் கட்டி வைத்தார், அது கப்பலேறி நம் ஊர் வரப்பு வரைக்கும் வந்துவிட்டது.

காளைகளின் இன்னொரு தடமும் உண்டு. இந்தப் பக்கத்துப் புல்வெளிகளில் பழைய உழவு மேடு பள்ளங்கள் அலை அலையாக இன்னும் தெரியும், சாயங்கால வெயிலில் நிழல் விழும்போது நன்றாகத் தெரியும். பல இடங்களில் அவை நேர்க்கோட்டில் இருக்காது, எஸ் எழுத்தைத் திருப்பிப் போட்ட மாதிரி லேசாக வளைந்திருக்கும். எட்டுக் காளை பூட்டிய நீள ஏரை முனையில் திருப்ப வேண்டுமானால் முன்கூட்டியே வளைக்க ஆரம்பிக்க வேண்டும். அந்த வளைவு மண்ணிலேயே தங்கிவிட்டது.

சரி, மற்ற ஊர்களில் எல்லாம் போன இந்த முறை இங்கே மட்டும் எப்படித் தப்பித்தது? 1604-இலிருந்து 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை இங்கிலாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அடைபட்ட நிலம் சுமார் 68 லட்சம் ஏக்கர், நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. பொது வயலைக் கூறுபோட்டு, பெரியவர்களுக்குப் பெரிய துண்டாகச் சேர்த்துக் கொடுத்து, வேலி போட்டுவிட்டார்கள். மேய்ச்சல் உரிமையை மட்டும் நம்பிப் பிழைத்தவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. லாக்ஸ்டனிலும் 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஓரங்களில் வேலியடைப்பு நடந்திருக்கிறது. ஆனால் ஊர் நிலம் முக்கியமாக மேன்வர்ஸ் பிரபு, ஸ்கார்பரோ பிரபு என்ற இரண்டு பேரிடம் இருந்தது. இருவரும் நிலத்தை மாற்றிக்கொள்ள லேசில் ஒத்துவரவில்லை. ஒரு வழியாகச் சமரசமான பிறகு, 1870-களின் கடைசியில் அமெரிக்கக் கோதுமை மலிவாக வந்து இறங்கி இங்கிலாந்து விவசாயம் படுத்துவிட்டது. வேலி போடச் செலவு செய்தால் திரும்பி வராது என்ற நிலை. இப்படி இரண்டு பெரிய மனிதர்களின் பிணக்கும் விவசாயம் படுத்த காலமும் சேர்ந்து இந்த வயல்களை விட்டுவைத்தன.

முழுதாக விட்டுவைத்தன என்று சொல்ல மாட்டேன். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேன்வர்ஸ் எஸ்டேட் பல சின்னப் பட்டைகளை ஒன்றாக்கிப் பெரிய பட்டைகளாக்கியது. இன்று மிஞ்சியிருப்பது ஏறக்குறைய 480 ஏக்கர். தரிசு வருடத்தில் வெறும் நிலமாகப் போடுவதில்லை, தீவனப் பயிர் போடுகிறார்கள். காளை இல்லை, டிராக்டர். இதையெல்லாம் காட்டி, இது அசல் இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1635 பட்டைகளும் அதற்கு முந்தையவற்றிலிருந்து மாறி வந்தவைதான். ஊர் கூடி முடிவு செய்கிறதா, சுழற்சி நடக்கிறதா, எல்லை பார்க்கிறார்களா என்பதுதான் கேள்வி. மூன்றும் நடக்கிறது.

1952-இல் மேன்வர்ஸ் குடும்பம் ஊரை விற்க வேண்டி வந்தபோது, இந்த முறை அழிந்துவிடக் கூடாது என்று அரசின் விவசாய அமைச்சகமே வாங்கிக்கொண்டது. 1981-இல் அது மன்னராட்சிச் சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது. 2020-இல் தோர்ஸ்பி எஸ்டேட் வாங்கியது, அதாவது மேன்வர்ஸ் பிரபுக்களின் பழைய குடும்பச் சொத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. விவசாயிகள் பெரும்பாலும் குத்தகைக்காரர்கள். கனமான களிமண், சின்னப் பண்ணை, மற்றவர்களைக் கேட்டுத்தான் பயிர் வைக்க வேண்டும். இதில் லாபம் பார்ப்பது லேசல்ல. சின்னப் பண்ணைகளுக்கு அடுத்த தலைமுறையில் ஆள் கிடைக்க வேண்டும். வேலி போட்டுக்கொள்ளத் தெரியாமல் அவர்கள் இப்படி இருக்கவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் வேலையை விட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க மண்ணில் நடக்க முன்வருகிறார்கள். அந்த மரியாதையை அவர்களுக்குக் கொடுத்துத்தான் நாம் பார்க்கப் போக வேண்டும்.

படம் வரைவித்த ஆளைப் பற்றி ஒரு வார்த்தை. அப்போது லாக்ஸ்டன் சர் வில்லியம் கோர்ட்டன் என்ற லண்டன் வணிகருடைய சொத்து. பார்படாஸ் தீவில் ஆங்கிலேயக் குடியேற்றத்துக்குப் பணம் போட்டவர் அவர். கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக இந்தியாவோடு வணிகம் செய்ய சார்லஸ் மன்னர் அனுமதி கொடுத்த கோர்ட்டன் சங்கமும் அவர் பெயரில் வந்ததுதான், அதே 1635-இல். அவர் மறுவருடமே இறந்துவிட்டார். அவர் சங்கத்தின் கப்பல்கள் கோவாவுக்கும் பட்கலுக்கும் வந்தன. உலகம் பூரா காசு போட்டவர், இந்த ஊரில் எந்தத் துண்டு யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் பியர்ஸை அனுப்பினார். வாடகை எவ்வளவு வரும் என்ற கணக்குக்காக எடுத்த அளவு நமக்கு இப்படி ஒரு பொக்கிஷமாக வந்து சேர்ந்திருக்கிறது.

போக நினைக்கிறவர்களுக்கு: லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து நியூவர்க் நார்த்கேட்டுக்கு ரயில் இருக்கிறது. அங்கிருந்து லாக்ஸ்டன் வடமேற்கே பத்து மைல் அளவு, கார் வைத்துக்கொள்வது நல்லது. டவ்கோட் இன் பக்கத்தில் சின்னக் காட்சியகம் உண்டு, முதலில் அதைப் பார்த்துவிட்டு வயலுக்குப் போனால் பட்டைகள் கண்ணுக்குப் புரியும். பூ பார்க்க ஜூன், முளை அடிப்பதைப் பார்க்க நவம்பர் கடைசி. நவம்பரில் போனால் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் கட்டாயம். எந்தப் பருவமானாலும் பொது நடைபாதையை விட்டு இறங்காதீர்கள், இரண்டு பக்கமும் இருப்பது ஒருவருடைய இந்த வருடச் சாப்பாடு.